மலைப் பூங்காவில் பல்லுயிர் நிகழ்ச்சி: கணக்கெடுப்பா, நடையா, இரவுத் திரையா?

மலைப் பூங்காவில் பொதுமக்களுக்காக ஒரு பல்லுயிர் நிகழ்ச்சி நடத்தலாம் என்று பேச்சு எழுந்தாலே, அடுத்த கேள்வி "எத்தனை பேர் வருவாங்க?" என்பதாகத்தான் இருக்கும். பணம் தருபவருக்கு அந்த எண் வேண்டும், பூங்கா நிர்வாகத்துக்கு வேண்டும், மறுநாள் செய்திக் குறிப்பு எழுதுபவருக்கும் வேண்டும். ஆகவே எந்த வடிவம் அதிகக் கூட்டத்தைத் தாங்குமோ அது ஜெயித்துவிடுகிறது. வந்தவர் திரும்பிப் போகும்போது புதிதாக எதைப் பார்த்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பல நிகழ்ச்சிகள் தேறாது.

அந்தக் கேள்வியை முன்னால் வைத்து ஐந்து வடிவங்களை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: பயோபிளிட்ஸ் என்று சொல்லப்படும் ஒரு நாள் கணக்கெடுப்பு, வழிகாட்டியோடு நடை, இரவில் வெள்ளைத் திரையும் விளக்கும் வைத்து அந்துப்பூச்சி பார்ப்பது, பருவத்தில் மட்டும் கிடைக்கும் காட்சி, அரங்கில் உரை. முடிவெடுக்க வேண்டியவர் பூங்கா அலுவலராக இருக்கலாம், இயற்கைச் சங்கத்துக்காரராக இருக்கலாம். கையில் ஒரு வார இறுதி, பத்துப் பதினைந்து தன்னார்வலர்கள், உயிரினங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். பெரும்பாலான இடங்களில் நிலைமை இதுதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை, இரவுத் திரைக்குத்தான் என் ஓட்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் அது ஒத்துவராது.

மலைக்கென்று ஒரு பாடம்

சமவெளிப் பூங்கா என்றால் "இங்கே இத்தனை உயிர்கள் இருக்கின்றன" என்று காட்டினாலே நிகழ்ச்சி நிறைவாகிவிடும். மலையில் அதைவிடப் பெரிய சரக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மழை, மூடுபனி, காற்று, மண்ணின் ஆழம் எல்லாம் கூடவே மாறுகின்றன. வண்டியில் ஒரு மணி நேரம் ஏறுவதற்குள் காட்டின் முகமே வேறாகிவிடுகிறது.

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டரில் தொடங்குகிறது, உச்சி 2,025 மீட்டர். கீழே அகன்ற இலை மரங்களின் காடு, உச்சியில் கனடாவை நினைவுபடுத்தும் ஊசியிலைக் காடு. அங்கே வாழும் உயிரினங்கள் அனைத்தையும் பட்டியலிடும் வேலையை 1998-ல் தொடங்கினார்கள். இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 1,000-க்கும் மேல் அறிவியலுக்கே புதியவை. ஒரே பூங்காவுக்குள் இத்தனை இருப்பதற்கு இந்த உயர வேறுபாடு முக்கியக் காரணங்களில் ஒன்று.

எனவே மலையில் நடக்கும் எந்த நிகழ்ச்சியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். "இது ஏன் இங்கே இருக்கிறது, கொஞ்சம் கீழே ஏன் இல்லை?" என்று வந்தவர் தானாகக் கேட்கிறாரா? வழிகாட்டி சொல்லிக் கொடுத்துக் கேட்பது கணக்கில் வராது.

பயோபிளிட்ஸ்

இப்போது எல்லோருக்கும் ஆசை இதன்மேல்தான். 24 மணி நேரம் போலக் குறுகிய காலத்துக்குள், ஒரு குறிப்பிட்ட இடத்தில், நிபுணர்களும் பொதுமக்களும் சேர்ந்து கண்ணில் படும் உயிரினங்களை எல்லாம் பதிவு செய்வது. 1996-ல் வாஷிங்டனில் உள்ள கெனில்வொர்த் நீர்த்தோட்டத்தில் முதலாவது நடந்தது, சுமார் 900 இனங்கள் கிடைத்தன. 2007 முதல் பத்தாண்டுகள் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையும் நேஷனல் ஜியோகிராஃபிக்கும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பூங்கா என்று பெரிய அளவில் நடத்தின. 2012-ல் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் நடந்தது அந்த வரிசையில் ஒன்று. 2008-ல் வந்த ஐநேச்சுரலிஸ்ட் தளம் இந்த வடிவத்தை இன்னும் எளிதாக்கிவிட்டது. படம் எடு, ஏற்று, உலகில் எங்கிருந்தோ ஒருவர் பெயர் சொல்லுவார்.

இதன் பலம் என்ன என்பதில் சந்தேகமே இல்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு பட்டியல் மிஞ்சுகிறது. படமும் இடமும் தேதியும் உள்ள பதிவு பத்து ஆண்டு கழித்தும் யாருக்காவது உதவும். கூட்டத்தையும் தாங்கும். பள்ளி மாணவர்களுக்கு ஒரு வேட்டை உணர்வு வந்துவிடும், அது நல்லதுதான்.

ஆனால் இந்த வடிவம் பிறந்தது தட்டையான ஒரு நீர்நிலத்தில் என்பதை மலைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். தட்டையான இடத்தில் நடுவே ஒரு மேசை போட்டால் எல்லாக் குழுக்களும் நடந்து வந்து கண்டதைக் காட்டிவிட்டுப் போகலாம். மலையில் குழுக்கள் சரிவில் பிரிந்து போனால் மாலை வரை ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். போனவர்களிலும் பாதிப் பேர் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றியே படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிற்பாடு வரைபடத்தில் புள்ளிகளைப் பார்த்தால், பூங்காவின் பல்லுயிர் முழுவதும் சாலையோரத்தில் குடியிருப்பது போலத் தெரியும். அதுவும் பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள், கையெட்டும் தூரத்தில் இருக்கும் இலைகள். பாசி, பாறையில் கறைபோல் ஒட்டி வளரும் லைக்கன், மண்புழு, கரையான் எல்லாம் வழக்கம்போல விடுபடும்.

அப்புறம் நிபுணர் பஞ்சம். பறவைக்கு ஒருவர், செடிக்கு இருவர், பூச்சிக்கு மூன்று நான்கு பேர், சிலந்திக்கு ஒருவர், பூஞ்சைக்கு ஒருவர் என்று ஏறத்தாழ பத்துப் பேராவது இருந்தால்தான் பயோபிளிட்ஸ் பாடமாக அமையும். இரண்டே பேர் இருந்தால் செயலி சொல்வதே வேதம். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். சில மலைப் பூச்சிகளுக்கு அது மாதக்கணக்கில் நடக்காது. அதுவரை வந்தவர் கையில் இருப்பது ஒரு ஊகம். அதோடு மலையில் பல இடங்களில் சிக்னலே இருக்காது. படத்தைச் சேமித்து வைத்து, கீழே வந்துதான் ஏற்ற வேண்டும். "இது என்ன?" என்று ஆவல் எழுந்த நொடிக்கும் பதிலுக்கும் நடுவில் அரை நாள் ஓடிவிடுகிறது.

இன்னொன்று. அரிய ஆர்க்கிட் செடியின் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போட்டால் அதைத் தோண்டி விற்பவருக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். அழியும் நிலையில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இனங்களின் இடத்தைத் தளமே மங்கலாக்கிவிடும். எல்லா இனமும் அந்தப் பட்டியலில் இருக்காது, ஆகவே பதிவு செய்பவர் தாமே இடத்தை மறைக்கும் வசதி உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பயோபிளிட்ஸ்தான் வேண்டும் என்றால், பூங்கா முழுவதும் அவிழ்த்துவிடாதீர்கள். மூன்று உயரங்களில் சம அளவில் மூன்று சிறு நிலத்துண்டுகளைக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நேரம் தேடச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறையும். ஆனால் மூன்று பட்டியல்களையும் அருகருகே வைக்கும்போது மலை தெரியும்.

நடை

வழிகாட்டியோடு நடப்பதுதான் இருப்பதிலேயே பழைய வடிவம், அதனாலேயே அதிகம் கெடுக்கப்பட்டதும்கூட. நாற்பது பேர், ஒற்றையடிப் பாதை, ஐந்து கிலோமீட்டர், முன்னால் போகும் வழிகாட்டியின் குரல் பத்தாவது ஆளைத் தாண்டாது. பின்னால் வருபவர்கள் அவரவர் கதையைப் பேசிக்கொண்டு நடப்பார்கள். உடற்பயிற்சி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரியாகச் செய்தால் இதற்கு இணை கிடையாது. 12 பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் 300 மீட்டர் நகர்ந்தால் போதும். ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. காட்ட வேண்டிய செடியைக் கண்டதும் வழிகாட்டி அங்கேயே நின்று பேசக் கூடாது. அதைத் தாண்டி ஐந்தாறு அடி போய், வரிசையின் நடுப்பகுதி அந்தச் செடிக்கு நேராக வந்த பிறகு திரும்பி நின்று பேச வேண்டும். ஒற்றையடிப் பாதையில் எல்லோரும் ஒரே பொருளைப் பார்க்க இதுதான் வழி.

கைலென்ஸ் ஒன்று போதும், நடையின் தரம் மாறிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ். பலர் அதைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, முகத்தைப் பாறைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கொண்டுபோக வேண்டும். அப்போது சாம்பல் கறையாகத் தெரிந்தது லைக்கனாகிறது. கறுப்பு ஓரம், நடுவே மஞ்சள்பச்சைக் கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள், அவற்றுக்கு இடையில் நடந்து போகும் ஒரு சிவப்புச் சிற்றுண்ணி. உயர்மலைப் பாறைகளில் இருக்கும் சில லைக்கன்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒன்றைக் காட்டி இதைச் சொன்னால், அதுவரை அந்தப் பாறையில் கால் வைத்து நின்றவர் தானாகக் காலை எடுத்துவிடுவார்.

நடையின் பெரிய தொல்லையும் அந்தக் கால்தான். மர எல்லைக்கு, அதாவது மரங்கள் வளர்வது நின்றுவிடும் உயரத்துக்கு, மேலே உள்ள புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் செடிகள் மெத்தை போல நிலத்தோடு ஒட்டி வளர்கின்றன. காற்றுக்குத் தப்பவும் சூட்டைப் பிடித்து வைக்கவும் அவை கண்டுகொண்ட வழி அது. ஆர்க்டிக் பகுதியிலும் ஆல்ப்ஸ், ராக்கி மலைகளிலும் காணப்படும் சைலீன் அகாலிஸ் என்ற மெத்தைச் செடியில் பெரியவை நூறு ஆண்டுக்கும் மேற்பட்டவை. பாதையை விட்டு விலகும் ஒரு குழு ஒரு மதியத்தில் செய்யும் சேதம் ஒரு தலைமுறைக்கு ஆறாது. ஆகவே மர எல்லைக்கு மேலே நடை நடத்துவதாக இருந்தால் பலகை போட்ட பாதை அல்லது கெட்டிப்பட்ட பழைய பாதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயரத்தை விட்டுவிடுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் என்றால் தலைவலி, குமட்டல் என்று மலைநோய் தலைகாட்டலாம். கீழிருந்து அதே காலையில் வண்டியேறி வந்த முதியவர்களை உடனே நடக்கவிடுவது நல்லதல்ல.

உயரப் பாடத்தை நடையால் சொல்ல முடியுமா? முடியும், ஆனால் நீண்ட ஏற்றத்தால் அல்ல. மூச்சு வாங்குபவருக்கு மரம் கண்ணில் படாது. 500 அல்லது 600 மீட்டர் வித்தியாசத்தில் இரண்டு இடங்கள், இரண்டிலும் ஒரு மணி நேர மெதுநடை, நடுவே வண்டி. கீழே ஒரு மரத்தின் தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மேலேயும் சொல்லுங்கள். ஈரக் காற்று மோதும் மலைகளில் கீழே காய்ந்த பட்டை, மேலே விரல் புதையும் அளவுக்குப் பாசி. மேகம் எந்த உயரத்தில் தங்குகிறது என்பதை அதற்குப் பிறகு விளக்க வேண்டியதே இல்லை.

பறவை நடையைத் தனியாகச் சேர்க்கவில்லை. பழகியவர்களுக்கு அது சொர்க்கம். முதல்முறை வருபவருக்கு "அதோ, அந்தக் கிளைக்குப் பின்னால், போயிடுச்சு" என்பதுதான் பாதி நிகழ்ச்சி.

இரவுத் திரை

இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி. அதன் முன் புற ஊதா விளக்கு. மற்றபடி காத்திருப்பதுதான் வேலை.

வண்ணத்துப்பூச்சிகளில் ஏறத்தாழ 18,000 இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. அந்துப்பூச்சிகளிலோ சுமார் 1,60,000. ஆனால் பொதுமக்களிடம் கேட்டால் அந்துப்பூச்சி என்பது துணியை அரிக்கும் ஒரு சாம்பல் நிறப் பூச்சி, அவ்வளவுதான். இந்த இடைவெளியே நிகழ்ச்சிக்குப் பெரிய மூலதனம். ஒன்றும் தெரியாமல் வருபவர் வெகுதூரம் போய்விட்டுத் திரும்புகிறார்.

இருட்டிய பிறகு முதலில் வருவது பொடிகள். நகக்கண் அளவுள்ளவை, பழுப்பு, வெள்ளை, யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு ஒன்று வந்து இறக்கையைத் தட்டையாக விரித்துத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரியும் அதே பூச்சியை மெல்ல ஒரு காகிதத்தில் ஏற்றிப் பக்கத்து மரப்பட்டையில் விட்டால், இறக்கையின் கோடுகள் பட்டையின் வெடிப்போடு சேர்ந்துகொண்டு, விட்டவருக்கே அது எங்கே என்று தெரியாது. சிறுவர்கள் இதை மறுபடி மறுபடி செய்யச் சொல்வார்கள். பருந்து அந்து என்று சொல்லப்படும் பெரிய வகை கிளம்புவதற்கு முன் உடம்பெல்லாம் நடுங்கும். அது பயம் இல்லை, குளிர்ந்த இரவில் பறக்கும் தசைகளைச் சூடேற்றிக்கொள்கிறது. கையில் ஏற்றி வைத்திருப்பவர் அந்த அதிர்வைத் தோலில் உணரலாம். கண் வடிவப் பொட்டுகளோடு வரும் பட்டுப்பூச்சிக் குடும்பத்துப் பெரியவை வளர்ந்த பிறகு சாப்பிடுவதே இல்லை. வாயுறுப்பு இயங்காது. புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்துச் சில நாள் வாழ்ந்து, இணை சேர்ந்து முடிந்துவிடும். ஓடை பக்கத்தில் இருந்தால் கூரை போல இறக்கை மடித்த கேடிஸ் பூச்சிகளும் திரைக்கு வரும். அவற்றின் குஞ்சுகள் தண்ணீரில் வளர்பவை, பல இனங்கள் தூய நீரில் மட்டுமே தாக்குப்பிடிக்கும். தண்ணீரைப் பற்றிப் பேச அது போதும்.

"விளக்கைத் தேடி ஏன் வருகின்றன?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நிலவென்று நினைத்து வழி தவறுகின்றன என்றே வெகுகாலம் சொல்லிவந்தோம். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கேமராவில் பதிவு செய்து வேறொன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளி இருக்கும் திசைக்குத் திருப்பிக்கொள்கிறது. இயற்கையில் இரவிலும் வானம்தான் நிலத்தைவிட வெளிச்சமானது, ஆகவே முதுகு வானத்தைப் பார்த்தால் நேராகப் பறக்கலாம். பக்கத்தில் விளக்கு எரிந்தால் அந்தக் கணக்கு குலைந்து அது விளக்கையே சுற்றுகிறது. இதைத் திரைக்கு முன்னால் நின்று சொல்லும்போது, சொல்லி முடிப்பதற்குள் பூச்சியே செய்து காட்டிவிடும்.

யாரும் நடக்க வேண்டாம், எதையும் மிதிக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவரும் மூன்று வயதுக் குழந்தையும் ஒரே தூரத்தில் நின்று பார்க்கலாம். பெயர் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் சமாளிக்கலாம், ஏனென்றால் எல்லாம் அவர் நிற்கும் இடத்துக்கே வந்து உட்காருகிறது. செலவு சொற்பம்.

இப்போது மலைக்கு வருவோம். போர்னியோவில் உள்ள 4,095 மீட்டர் உயர கினபாலு மலையில் 1965-ல் வெவ்வேறு உயரங்களில் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். 42 ஆண்டுகள் கழித்து, 2007-ல், அதே இடங்களில் மறுபடி கணக்கெடுத்தார்கள். அந்த இனங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. மலை எப்படி வேலை செய்கிறது, மாறும் வெப்பம் அதை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு துணியும் ஒரு விளக்கும் உள்ள யாரும் இதன் சிறு வடிவத்தைச் செய்து பார்க்கலாம்.

அதனால் ஒரு திரை கட்டாதீர்கள், இரண்டு கட்டுங்கள். ஒன்று அடிவாரத்தில், இன்னொன்று 500 மீட்டராவது மேலே. ஒரே இரவு, ஒரே வகை விளக்கு, ஒரே நேரம். ஒவ்வொன்றுக்கும் 20 பேர். இரவில் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டாம், அது ஆபத்து. ஒவ்வொரு குழுவும் தன் திரையைப் படம் எடுக்கட்டும். மறுநாள் காலை இரண்டு குழுவும் ஓர் அறையில் சேர்ந்து படங்களை மேசையில் பரப்பும்போது, "எங்களுக்கு இது வரவே இல்லையே" என்று ஒருவர் சொல்வார். நான் மேலே சொன்ன கேள்வி அதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நிலவு வெளிச்சமாக இருந்தால் வரத்து குறையும், அமாவாசையை ஒட்டிய நாள் வேண்டும். காற்றும் குளிரும் எதிரிகள். வெதுவெதுப்பான, ஈரமான, மேகம் மூடிய இரவுதான் உகந்தது, உயரத்தில் அப்படி ஓர் இரவு கிடைப்பதே அரிது. பெரிய விலங்குகள் நடமாடும் பூங்காவில் பார்வையாளர் மையத்தின் வளாகத்தைத் தாண்டிப் போகக் கூடாது, நிர்வாகத்தின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். சில விளக்குகளின் புற ஊதாக் கதிர் கண்ணுக்கு ஆகாது, விளக்கையே வெறித்துப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூச்சிகளுக்கும் இது தொந்தரவுதான். இரண்டு மூன்று மணி நேரத்தில் அணைத்துவிட்டுத் துணியை மெதுவாக உதறிப் புதர்களில் விட வேண்டும். விடிய விடிய எரியவிட்டால், காலையில் பறவைகள் வந்து திரையைத் துடைத்துவிட்டுப் போய்விடும். அதே இடத்தில் வாராவாரம் செய்வதும் சரியல்ல.

பருவக் காட்சி

மின்மினி, குறிஞ்சி, வலசை வரும் பறவைகள். கூட்டம் தானே வரும், விளம்பரம் வேண்டாம். அதுவே பிரச்சினை.

கிரேட் ஸ்மோக்கியில் ஆண்டுதோறும் மே இறுதி, ஜூன் வாக்கில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க வருபவர்களின் கூட்டம் தாங்காமல், வண்டி அனுமதியைக் குலுக்கல் முறையில் தருகிறார்கள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்ற வேண்டும், பாதையை விட்டு இறங்கக் கூடாது. பெண் மின்மினிகள் தரையிலும் தாழ்ந்த செடிகளிலும் இருப்பவை, காலடியில் நசுங்கிவிடும். இவ்வளவு ஒழுங்கோடு நடத்த ஆள்பலமும் அதிகாரமும் உள்ள இடத்தில் அது அற்புதமான நிகழ்ச்சி. பத்துத் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு இறங்கினால் கூட்டத்தைச் சமாளிப்பதிலேயே இரவு முடியும்.

குறிஞ்சி இன்னும் கெடுபிடி. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. எரவிகுளம் தேசியப் பூங்காவில் 2018-ல் பூக்கவிருந்த ஆண்டில், சரியாக ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது, மூணாறுக்குப் போகும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. திட்டமிட்ட பருவத்தின் நல்ல பகுதி மழையில் போயிற்று. பொதுவாக 1,300 முதல் 2,400 மீட்டர் வரையிலான சரிவுகளில் வளரும் செடி இது, உயரப் பாடத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் நீலமாகத் தெரியும் மலையைப் பின்னணியாக வைத்துத் தன்படம் எடுக்க வந்தவரிடம் அதைச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே வரும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு விளக்க மேசை போடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரங்கில் உரை

மழை நாளுக்கும், நடக்க முடியாதவர்களுக்கும், பெரிய பள்ளிக் கூட்டத்துக்கும் இதுதான் கை கொடுக்கும். சறுக்கல் என்னவென்றால், படங்களை ஓடவிட்டு அழகு அழகு என்று சொல்லிக்கொண்டே போவது. அதற்குப் பதில் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். 1802-ல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறினார். பிறகு அந்த மலையின் குறுக்குவெட்டை வரைந்து, எந்தச் செடி எந்த உயரத்தில் என்று அந்தப் படத்திலேயே எழுதினார். 2012-ல் ஆய்வாளர்கள் அதே மலைக்குப் போய், செடிகள் 500 மீட்டருக்கும் மேல் ஏறிவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். 2019-ல் வேறொரு குழு, ஹம்போல்ட்டின் படத்தில் இருந்த தகவல்களில் பெரும்பகுதி அதே நாட்டில் உள்ள அந்திசானா என்ற வேறொரு மலையில் எடுத்தவை என்று காட்டி, நகர்வை 215 முதல் 266 மீட்டர் என்று திருத்தியது. அறிவியல் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதும் இதில் சேர்ந்தே வருகிறது. உரை முடிந்ததும் ஒரு நீளத் தாளில் தங்கள் மலையின் குறுக்குவெட்டை வரையச் சொல்லி, தெரிந்த செடி, விலங்குகளின் பெயரை உயரப்படி எழுதவிடுங்கள். காலியாகக் கிடக்கும் இடங்களைப் பற்றித்தான் பேச்சு ஓடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பத்துக்கு மேல் நிபுணர்கள் கிடைக்கிறார்கள், நிர்வாகத்துக்கு ஒரு பட்டியலும் தேவை என்றால் பயோபிளிட்ஸ், மேலே சொன்ன மூன்று துண்டு முறையில். ஒரே ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறார், வருபவர்கள் பெரியவர்கள், கூட்டம் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்றால் 12 பேர் நடை. இதை ஒரே நாளில் முடிக்காமல் மாதம் ஒன்றாக ஓர் ஆண்டுக்கு நடத்தினால், வந்தவர்களே திரும்ப வருவார்கள். 200 மாணவர்கள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள் என்றால் அரங்கும் நீளத் தாளும்தான், அவர்களைக் காட்டுக்குள் விடவே வேண்டாம். கூட்டத்தின் எண்ணிக்கை மட்டுமே வேண்டும் என்பவருக்குப் பருவக் காட்சி.

இவை எதிலும் சேராத, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சராசரி நிலைமையில் இரண்டு திரைகள். அமாவாசைக்கு மூன்று நாள் முன்னும் பின்னும் உள்ள வார இறுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தின் உச்சத்தையும் கடுங்குளிர் மாதங்களையும் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் முன்பு இரண்டு இடங்களிலும் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் சோதித்துப் பாருங்கள், தெருவிளக்கோ கட்டட விளக்கோ போட்டிக்கு நின்றால் இடத்தை மாற்றுங்கள். வருபவர்களிடம் கம்பளி உடையும் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சும் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்று மாலை காற்று துணியைப் பாய்மரமாக உப்பவைக்கிறது என்றால் திரையைக் கட்டாதீர்கள். அறையில் கூட்டி ஹம்போல்ட்டின் மலையைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை இரண்டு உயரங்களில் மெதுநடைக்கு அழைத்துப் போங்கள்.